சிவப்புப் பென்சில் அடித்த இரண்டு சொற்கள்

எழுபதுகளின் கடைசியில் கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்பாவின் கடை மூடியிருந்தது. வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான். ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவோம் என்றார்கள். அதைத் தீர்மானிக்கிறவர் ஹெட்கிளார்க், பாலக்காட்டுக்காரர்.

தந்தியில் சொல்லுக்குச் சொல் கட்டணம். அதனால் நாள் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் சின்னச் சொற்களை அடித்துக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கத்தில் கடிதத்தையும் விடமாட்டார்.

ஆறாவது மாதம், லண்டனில் எங்களிடம் மிளகு வாங்கிய பழைய வியாபாரி ஒருவர் இறந்துபோனார். அனுதாபக் கடிதத்தை நான் டைப் செய்தேன். மனைவிக்கு, மகளுக்கு, வயதான தாயாருக்கு என்று மூவருக்கும் தனித்தனியே ஆங்கிலத்தில் 'டு' போட்டிருந்தேன். முதல் 'டு'வை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஹெட்கிளார்க் அடித்தார்.

"ஒண்ணு மதி குட்டி. எல்லார்க்கும் அது போரும்" என்றார், பாதி மலையாளத்தில்.

ஆங்கிலத்தில் அது தப்பில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 'மனைவி, மகள், தாயாருக்கு' என்று தமிழில் யாராவது துக்கம் விசாரிப்பார்களா? "இது தந்தி இல்லையே சார்" என்றேன். அவர் அடுத்த தாளை எடுத்துவிட்டார். அடித்த இரண்டையும் திரும்பச் சேர்த்து டைப் செய்து, நேரே முதலாளியிடம் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டேன். அந்த வயதில் எனக்குத் திமிர் கொஞ்சம் ஜாஸ்தி.

மறுநாள் ஃபைலில் நகலைப் பார்த்தார். மாதக் கடைசியில், இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். பள்ளுருத்தி பஸ்ஸில் வீடு வரை அழுதுகொண்டே போனேன். வேலை நிரந்தரமான பிறகும் எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு தீரவில்லை. ஆபீஸ் விஷயம் தவிர வேறெதுவும் அவரிடம் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுவில், தென்காசிக்குப் போயிருந்த அப்பா அங்கேயே இறந்துபோனார். நாங்களும் அங்கே போனோம். மூன்றாம் நாள் ஹெட்கிளார்க்கிடமிருந்து தந்தி வந்தது. தபாலாபீசில் துக்கத்துக்கென்று தயார் வாசகம் ஒன்று உண்டு. அதன் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் குறைந்த செலவில் போய்விடும். எந்தச் சாவுக்கும் அவர் அதைத்தான் அனுப்பச் சொல்வார். இது அவரே எழுதியது. உனக்கு, உன் அம்மாவுக்கு, உன் தம்பிக்கு என்று மூன்று 'டு' இருந்தன.

"என்ன எழுதியிருக்கார்?" என்றாள் அம்மா.

"உனக்குன்னு தனியா எழுதியிருக்கார்மா" என்றேன். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.