கடைசி மனுஷியாக நடித்த ஜைபூன் அக்கா

புதன்கிழமை காலை. அப்பாவை எடை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டுத் திரும்பினேன். எட்டாம் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஊசி குத்தியிருந்த கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் படுத்திருப்பார்கள்.

"எட்டுல யாரு?" என்றார் அப்பா.

டெக்னீஷியன் குழாயை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஜைபூன் அக்கா நேத்து மத்தியானம் தவறிட்டாங்கங்க. வூட்லயே. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணிட்டாங்களாம்." பிறகு எடையைப் பார்த்தார். "ரெண்டு கிலோ ஜாஸ்தி. தண்ணியக் கம்மி பண்ணுங்க பெரியவரே."

செய்தி அவ்வளவுதான். ஒரு நாள்கூட ஆகவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சியில் அந்த டயாலிசிஸ் அறையில் பத்துப் படுக்கைகள். வெளியே காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். அக்காவே ஒருமுறை சொன்னார்: "நா போனா ஒரு ஆளுக்கு எடம். அழுதுகினு ரெண்டு நாள் காலியா வெச்சிடாதீங்க."

திங்கள், புதன், வெள்ளி காலை ஷிப்டில் அவரோடு படுத்திருந்தவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக வந்து நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவருடைய பாத்திரக் கடை தெரியும். அவருடைய வாய் தெரியும். அவர் ஒரு படத்தில் நடித்தது தெரியாது.

*

முதலில் பார்த்தபோது அவர் போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம். பெரிய நகரம். கார்கள் நின்றது நின்றபடி. ஒரே ஒருவன் நடந்து போகிறான். அப்பா ஏழாம் படுக்கை. என் நாற்காலி இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

"இன்னா தம்பி, எட்டி எட்டிப் பாக்கற? நாற்காலிய இப்படி இழுத்துப் போடு. பாதிப் படம் பாத்தா பாவம்."

அடுத்த வாரமும் அதே மாதிரிப் படம். அதற்கடுத்த வாரமும். உலகம் அழிந்திருக்கும், ஒருவர் மிஞ்சியிருப்பார். ஏன் எப்போதும் இதே என்று கேட்டேன்.

"மத்த படத்துல ஆளுங்க ஜாஸ்தி. எவன் எவனுக்கு மாமன்னு நெனப்பு வெக்கணும். இதுல தூங்கி எழுந்தாலும் அதே ஒருத்தன் தான் நடந்துகினு இருப்பான்."

நான் புதுச்சேரியில் சினிமா படித்தவன். அந்த வகைப் படங்களைப் பற்றியே எண்பது பக்கம் ஆய்வு எழுதியவன். வெறுமை, மௌனம், நகரம் என்று அத்தியாயங்கள் இருந்தன. அவரிடம் அதைச் சொன்னேன். "அப்டியா," என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும், "இத உன் பொஸ்தகத்துல போட்டியா?" என்பார்.

*

உண்மைக் காரணத்தை ஒரு மழை நாளில் சொன்னார். மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை அறையில் யாரும் பேசாத அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு.

"இந்தப் படத்துல எல்லாம் நா எப்ப செத்திருப்பேன்னு பாப்பேன் தம்பி. பேர் போட்டு முடியறதுக்குள்ளயே. கரண்டு இல்ல, தண்ணி மெஷினு இல்ல, இவரு இல்ல." டெக்னீஷியனைக் காட்டினார். "நாலாம் நாளு நா இல்ல. எனக்கு உசுரோட இருக்கப் பதினேழு பேரு வேணும். எண்ணிப் பாத்துட்டேன். ஆட்டோக்காரர், ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தறவர், ஊசியக் கொண்டாந்து குடுக்கறவர், எல்லாத்தையும் சேத்து. இவன் ஒருத்தனா மூணு வருஷம் சுத்திகினு இருக்கான். எப்டிடான்னு பாக்கறேன்."

எண்பது பக்கத்தில் அந்தப் பதினேழு பேர் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கதாநாயகன் எங்காவது தண்ணீரைக் கண்டுபிடித்துக் குடிக்கும் காட்சி எல்லாப் படத்திலும் வரும். அண்ணாந்து, சட்டை நனைய, மூச்சு விடாமல். அக்காவுக்கு ஒரு நாளைக்கு நான்கு தம்ளர்தான் தண்ணீர், டீயும் அதற்குள். அந்தக் காட்சி முடிந்ததும் விரலால் பின்னால் இழுத்து இன்னொரு முறை பார்ப்பார்.

*

நான்தான் கேட்டேன். பன்னிரண்டு நிமிடப் படம். உலகத்தில் மிஞ்சிய கடைசி மனுஷி. நீங்கள்தான் நடிக்க வேண்டும்.

"எனக்கு வசனம் இருக்குதா?"

"இல்லக்கா. யாருகிட்டப் பேசுவீங்க?"

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிடற? பேசறத வுட்டா எனக்கு இன்னா தெரியும்?"

ஆனாலும் வந்தார். சனிக்கிழமைகளில் மட்டும். வெள்ளிக்கிழமைக் களைப்பு தீர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வீக்கம் தொடங்குவதற்குள் இருக்கும் ஒரு நாள்.

முதல் நாள் தியாகதுருகத்தில், மலையடிவாரத்தில். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் யாரும் இருக்கக் கூடாது. கேமரா ஓடத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட இல்லை, பால் கேனோடு ஒருவர் காட்சிக்குள் வந்தார்.

"இன்னாம்மா, தனியா உக்காந்துகினு இருக்க? வூட்ல சண்டையா?"

அக்கா வேஷத்தை விட்டு விலகவில்லை. தூரத்தைப் பார்த்தார். பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டார். "எந்த ஊரு? கள்ளக்குறிச்சியா? பஸ்ஸு ஏத்தி வுடட்டா?"

நான் போய்ச் சொன்னேன். "ஷூட்டிங்ணே. உலகத்துல எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. இவங்க மட்டும்தான் மிச்சம்."

அவர் யோசித்தார். "அப்ப நானு?"

"நீங்களும் செத்துட்டீங்கண்ணே," என்றார் அக்கா. "கொஞ்சம் நவுந்து உக்காருங்க."

அப்படி ஏழு சனிக்கிழமைகள். எங்கே கேமராவை வைத்தாலும் யாராவது வந்தார்கள். ஆடு வந்தது, பின்னாலேயே ஆட்டுக்காரம்மா வந்தார். காலியான ஒரு காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

*

படத்தில் அவர் மாற்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சாப்பிடும் காட்சிக்கு நான் ஒரு பிளாஸ்டிக் தட்டு கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"நீ பாத்த படத்துல எல்லாம் அவன் யாரு வூட்டுக்குள்ள போனாலும் யாரு வூடுன்னு தெரியாது. நம்ம ஊர்ல அப்டி இல்ல தம்பி. ஒரு சொம்ப எடுத்தா பேரு வெட்டியிருக்கும். யாரு, எந்த ஊரு, யாரு கல்யாணத்துக்கு. கடைசி ஆளு எதுல சோறு போட்டாலும் எவங்க பேரோ முன்னாடி இருக்கும். நிம்மதியாத் திங்கக்கூட முடியாது."

இருபது வருடமாகத் தன் அண்ணன் ஹனீஃப் பாய் கடையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டியவர் அவர். அடுத்த வாரம் கடையில் யாரோ பேர் வெட்டச் சொல்லிவிட்டு வாங்காமல் போன ஒரு தட்டைக் கொண்டுவந்தார். எலவனாசூர்கோட்டையில் ஒரு மணமகளின் பேர் அதில் இருந்தது. படத்தில் அவர் சோற்றை அந்தப் பேரைச் சுற்றிச் சுற்றியே சாப்பிடுகிறார். அது என் திரைக்கதையில் இல்லை. படத்தில் நல்ல காட்சி என்றால் அதுதான்.

*

முடிவில்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. நான் எழுதியிருந்தது: அவள் மலையில் ஒரு பாறையில் படுக்கிறாள். கண்ணை மூடுகிறாள். அவ்வளவுதான்.

"வாரத்துல மூணு நாளு படுத்துகினுதான் இருக்கேன். படத்துலயுமா? உக்காந்து சாவறேனே."

அவருடைய முடிவு வேறு. கடைசி மனுஷி பாத்திரக் கடைக்குப் போகிறாள். விற்காமல் இருக்கும் எல்லாத் தம்ளரிலும் பேர் வெட்டத் தொடங்குகிறாள்.

"யாரு பேரை?"

"தெரிஞ்சவங்க பேரு எல்லாம். அது முடிஞ்சா தெரியாதவங்க பேரு. கரண்டு இல்ல, மெஷின் ஓடாது. உளிய வெச்சித் தட்டித் தட்டித்தான் வெட்டணும். கடை சரக்கு முடியறதுக்குள்ள எனக்கு முடிஞ்சிடும்."

உருக்கமாக இருக்கிறது, ரொம்ப உருக்கமாக இருக்கிறது என்றேன்.

"சரி. உன் படம்," என்றார். "மொதல்ல உன்னுத எடு. அப்புறமா என்னுதையும் எடு. எது நல்லா இருக்குதோ வெச்சிக்க."

என் முடிவை எடுக்க மலைமேல் கரியாலூருக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மழை. கேமராவைத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். பஸ்ஸில் ஏறும்போதே அவர் கால் வீங்கியிருந்தது. செருப்பின் வார் பதிந்திருந்தது. பார்த்தேன். போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அருவிப் பக்கம் கூட்டம். சாமைக் கொல்லைக்கு அந்தப் பக்கம் நடந்து போய் ஒரு பாறையைக் கண்டுபிடித்தோம். அவர் படுத்தார். ஒரு நிமிடம் நாற்பது நொடி. யாரும் வரவில்லை. ஆடில்லை, மாடில்லை. முதல்முறையாக எனக்குக் காலியான உலகம் கிடைத்தது.

"கெடச்சுதா? சந்தோஷமா?" என்றார் எழுந்து.

கெடச்சுதுக்கா என்றேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கினார்.

அவருடைய முடிவை எடுக்கவில்லை. கேமரா கிடைக்கவில்லை. பிறகு கேமரா கிடைத்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பிறகு அப்பாவுக்குச் சரியானது. அதன் பிறகு காரணம் எதுவும் இல்லை. படம் முடிந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். அவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

*

அக்கா தவறிய அந்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போனேன். ஹனீஃப் பாய் ஒரு குக்கருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படம் முடிஞ்சிடுச்சா தம்பி?"

"முடிஞ்சிடுச்சுங்க பாய்."

"அம்மா பாக்கணும்னு சொல்லிகினே இருக்குது. ஜைபூனு எப்டி நடந்துச்சி, எப்டி உக்காந்துச்சின்னு. எப்டி முடியும் படம்?"



"அக்கா படுத்திருப்பாங்க பாய். கரியாலூர்ல. ஒரு பாறையில."

"தூங்குதா?"

ஆமாம் என்றேன்.

என்னோடு படித்த நண்பன் அந்தக் காட்சியை முன்பே பார்த்தவன். இறப்புச் செய்தி கேட்டு எழுதியிருந்தான்: இப்போது அந்த ஷாட்டின் கனமே வேறு. அவன் சொன்னது தவறில்லை. எங்கு அனுப்பினாலும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதற்காகவே அனுப்பலாம். ஆனால் முதலில் பார்க்கப் போவது எழுபது வயதுத் தாய். மகளின் முகத்தைக் கடைசியாக, அடக்கத்துக்குச் சுற்றிய கபன் துணிக்கு நடுவில் பார்த்தவர். அவருக்கு நான் அதையே இன்னொரு முறை காட்ட வேண்டும், அழகான வெளிச்சத்தில்.

கணினியைத் திறந்தேன். வேறு முடிவு இல்லை. அவர் கேட்டதை நான் எடுக்கவில்லை. கரியாலூர்க் கோப்புகளை வரிசையாகப் பார்த்தேன். படுத்திருக்கும் காட்சியின் மூலம் முழுதாக இருந்தது. படத்தில் நான் வைத்திருந்தது ஒரு நிமிடம் நாற்பது நொடி. மூலம் அதைவிடப் பதினோரு நொடி அதிகம். எதை வெட்டினேன் என்று நினைவில்லை. ஓடவிட்டேன்.

கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசைகிறது.

"தம்பி. எறும்பு கடிக்குது. இன்னும் எவ்ளோ நேரம்?"

அந்தப் பதினோரு நொடியைச் சேர்த்தேன். வேறு எதையும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில், கட்டில் ஓரத்தில் கணினியை வைத்துக் காட்டினேன். அம்மா தட்டுக் காட்சியில் சிரித்தார். பாறைக் காட்சி வந்ததும் ஹனீஃப் பாய் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காற்று. பாறை. நீண்ட நேரம். பிறகு அந்தக் குரல். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எறும்பு கடிக்குதுன்னு சொல்லுது பாரு. எழுந்துக்கச் சொல்லுப்பா."

படம் இன்னும் முடியவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பதில் வருகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அந்தக் குரல் என்னுடையது. அதை வெட்டவில்லை. ஜைபூன் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். அவரிடம் நான் கேட்டதும், அவர் மறுக்காமல் கொடுத்ததும்.

"இன்னும் கொஞ்ச நேரம்க்கா. அசையாதீங்க."

அவர் அசையவில்லை.