நல்லி எலும்பும் நாற்காலிச் சத்தமும்

போன வருடம் ஆடி மாதம், எரியோடு பக்கத்தில் என் மாமனார் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எட்டு வருடமாக அந்த வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளை. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் மர நாற்காலி எனக்கு. கறிக்குழம்பில் நல்லி எலும்பு எனக்கு. மாமனார்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் என் தகுதிக்குக் கிடைத்த மரியாதை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று மச்சினியைக் கட்டிய புது மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து. அவர்கள் வரும்வரை நானும் என் ஏழு வயது மகளும் டிவியில் சிம்பன்சிகளைப் பற்றிய நிகழ்ச்சி பார்த்தோம். கூட்டத்துக்கு ஒரு தலைவன். போட்டிக்கு ஒரு இளசு கிளம்பினால் போதும், தலைவன் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, மரக்கிளையைத் தரதரவென்று இழுத்து, பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளுமாம். சண்டை ஓய்ந்ததும் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துச் சமாதானம் ஆகுமாம். "கிறுக்குப் பயபுள்ளைக" என்று சிரித்தேன்.

வாசலில் டமடமவென்று புல்லட் சத்தம். வீடே எழுந்து ஓடியது. புது மாப்பிள்ளையை அத்தை எங்கே உட்கார வைத்தார் என்கிறீர்கள்? என் நாற்காலியில்!

"எம்புட்டு வேர்த்திருக்கு! ஃபேனுக்குக் கீழ உக்காருங்க மாப்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்தேன். யாரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எனக்குத் தக்காளி வியாபாரம். செல்போனைக் காதில் வைத்து, வராத அழைப்புக்கு, "லோடு இன்னும் கெளம்பலையா?" என்று அதட்டினேன்.

மகள் கத்தினாள்: "அப்பா, அந்தத் தலைவர் சிம்பன்சியும் இப்டித்தானே கெளைய இழுத்துச்சு!"

மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவிக்குச் சிரிப்பில் கையிலிருந்த சொம்பே நழுவிவிட்டது.

பந்தியில் இருந்தது ஒரே நல்லி. கரண்டி என் இலைக்கு மேல் வந்து, ஒரு நொடி தயங்கி, பக்கத்து இலைக்குப் போய்விட்டது. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. சின்னப்பிள்ளை போல அழுகை வந்தது, நிஜமாகவே.

கை கழுவக் கொல்லைப்புறக் குழாய்க்குப் போனேன். புது மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார். கையில் அந்த நல்லி அப்படியே இருந்தது.

"அண்ணே, கோவமா? இத எப்டித் திங்குறதுன்னே தெரியலண்ணே. வந்ததுல இருந்து ஒரே பயமா இருக்குண்ணே. எங்க உக்காரணும், எப்ப எந்திரிக்கணும், ஒண்ணும் புரியல. அந்த புல்லட்டுகூட சிநேகிதன் வண்டி. உங்க முன்னாடி எளக்காரமாத் தெரியக் கூடாதுன்னு வாங்கிட்டு வந்தேன்."

இவரைப் பார்த்தா நான் பயந்தேன்! நல்லியை வாங்கி, உள்ளங்கையில் தட்டி, உள்ளே இருப்பதை உதிர்ப்பது எப்படி என்று காட்டினேன். ஆளுக்குப் பாதி. அவர் சட்டைக் காலரில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. எட்டி எடுத்துவிட்டேன்.

பின்வாசலில் மகளின் குரல்: "அம்மா, சீக்கிரம் வாயேன்! ரெண்டு பேரும் பேன் பாக்குறாங்க!"

இப்போதெல்லாம் எங்கே போனாலும் நாற்காலியை இழுப்பதில்லை, தூக்கித்தான் போடுகிறேன். ரொம்பச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தால், இவருக்கு உள்ளுக்குள் எவ்வளவு பயமோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.