வலப்பக்கத்துக் கோழிகள்

என் கோழி நோட்டில் இடப்பக்கம் என்னுடையது. வலப்பக்கம் என் ஓரகத்தியுடையது. அது அவளுக்குத் தெரியாது என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொல்லையில் அந்தச் சுவரும் கிடையாது, கிளுவை வேலிதான். கோழிகள் வேலியை மதிப்பதில்லை. அதனால் குஞ்சாக இருக்கும்போதே அடையாளம் வைத்துவிடுவோம். என் குஞ்சுக்கு இடது காலில் ஒரு விரல் நுனி வெட்டியிருக்கும், அவள் குஞ்சுக்கு வலது காலில்.

தேதி போட்டு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. புதுக்கோட்டை நூலகத்திலிருந்து நான் அதிகம் எடுத்துவந்து படித்தவை மற்றவர்களுடைய நாட்குறிப்புகளும் பயணக் குறிப்புகளும்தான். மழை பெய்த நாள், கரண்டு போன நேரம், முருங்கை ஒடிந்த கிழமை எல்லாம் என்னிடம் இருக்கும். எந்தக் கோழி என்றைக்கு அடையில் உட்கார்ந்தது, எத்தனை முட்டை வைத்தேன், எத்தனை பொரித்தது, சொட்டு மருந்து என்றைக்கு, இறக்கையில் ஊசி என்றைக்கு என்பதற்குத் தனி நோட்டு.

அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியதற்குக் காரணம் வயிற்றெரிச்சல். நான் பென்சிலால் எண் போட்டுப் பதிமூன்று முட்டை வைத்தால் எட்டு பொரிக்கும். அவள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஓட்டைச் சட்டியில் போட்டு வைப்பாள், பதினொன்று பொரிக்கும். என் கோழியே அடைக்கு இடம் தேடி அவள் வீட்டு விறகுக்கட்டுக்கு அடியில்தான் போய் உட்காரும்.

"ஒங்க கருப்பி இங்கிட்டு வந்து ஒக்காந்திருக்குக்கா. வெரட்டவா, இருக்கட்டுமா?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பாள். பிரியமாகத்தான் கேட்பாள். அந்தப் பிரியம்தான் எனக்கு ஆகாது.

போன பங்குனி முதல் வாரத்தில், ஆலங்குடிப் பக்கம் குஞ்சு பொரிப்பகம் வைத்திருப்பவர் எங்கள் தெருவுக்கு வந்தார். வாரா வாரம் அடைமுட்டை எடுக்க ஒரே ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டுக் கோழிகளுக்கு நோயில்லை என்று கால்நடை மருந்தகத்தின் சான்றும் வேண்டும் என்றார். முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும் ஒரு கழிச்சல் உண்டு. தாய்க்கோழி நன்றாக மேயும், குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகும். அதற்குத்தான் இந்தச் சோதனை. வளர்ந்த கோழி அத்தனைக்கும் ரத்தம் பார்ப்பார்கள், தடுப்பு மருந்து கொடுத்த தேதிகளையும் கேட்பார்கள்.

தேதி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சான்றுக்கு ஆணி அடிக்க வேண்டிய இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தே வைத்தேன். ஓரகத்தியும் சோதனைக்குப் பெயர் கொடுத்தாள். மருந்தகத்து டாக்டரம்மா சொன்னபடி, சோதனைக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு கொல்லைக்கும் நடுவில் வலையும் கட்டினோம்.

என் பக்கத்தில் ஒரு சேவல் மட்டும் இடைஞ்சலாக இருந்தது. ஐப்பசியில் ஓரகத்தி மகன் டெங்கு காய்ச்சலில் படுத்தபோது கருப்பருக்கு நேர்ந்துவிட்ட செஞ்சேவல் அது. எந்த வீட்டு நேர்ச்சையானாலும் மூத்த மருமகள்தான் வளர்க்க வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். கொல்லையைவிட்டு வெளியே கொடுக்கக்கூடாது. ஆடிப் படையல்வரை கத்தியோ ஊசியோ படக்கூடாது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் சாமிக்கு ஆகாது. நோட்டில் அதற்கு நேரே ‘விலக்கு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் அதைக் காட்டி விளக்கிச் சொல்வதாகத்தான் இருந்தேன். சோதனை நாள் காலையில் புத்தி மாறிவிட்டது. சேவலைப் பிடித்துப் பாத்ரூமுக்குள் விட்டு, வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

அது சித்திரை மாதம் இரண்டாவது செவ்வாய். டாக்டரம்மாவும் உதவியாளரும் காலை எட்டேகாலுக்கு வந்தார்கள். உதவியாளர் கோழியைப் பிடித்து இறக்கையை விரிப்பார். டாக்டரம்மா உள்பக்க நரம்பில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தட்டில் வைத்து, ஊதா நிற மருந்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். பால் திரிந்ததுபோல் திட்டுத் திட்டாக வந்தால் நோய். என் பதினேழில் பதினாறு முடிந்துவிட்டது, ஒன்றும் திரியவில்லை. கடைசிக் கோழியின் இறக்கையை விரிக்கும்போது பாத்ரூமுக்குள் சேவல் கூவியது.

டாக்டரம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது எதும்மா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுதுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சேவல் மறுபடியும் கூவியது. நாலு சுவருக்குள் அது இரண்டு சேவல் கூவியதுபோல் கேட்டது.

"பக்கத்து வீட்டுச் சேவல் ஒங்க பாத்ரூம்ல குளிக்குதாக்கும்" என்றார் உதவியாளர்.

நேர்ச்சையைச் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "சாமி காரியத்துல நான் தலையிடலம்மா. ஆனா ஒண்ண விட்டாலும் மொத்தக் கூட்டத்துக்கும் சான்று தர முடியாது. ஆடி முடியட்டும், சொல்லி அனுப்புங்க, வாரேன்."

ஆடிக்குள் பொரிப்பகத்துக்காரர் வேறு வீடு பார்த்துவிடுவார். அவள் மகனுக்கு நேர்ந்த சேவல் என் முட்டையைக் கெடுத்துவிட்டது. அடுத்தது அவள் வீடு. பதினான்கு கோழி. ஒன்றாவது திரியட்டும் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நின்றேன். ஒன்றும் திரியவில்லை.

"தடுப்பு மருந்து குடுத்த தேதி?" என்றார் டாக்டரம்மா.

"சின்னதுகளுக்கு மாசி மகத்துக்கு மொத வாரம் சொட்டு மருந்து. பெருசுகளுக்கு, எங்க பய பள்ளிக்கூடத்துல விழுந்து மொழங்காலப் பேத்துக்கிட்டு வந்தான் பாருங்க, அன்னைக்கி ஊசி."

"மொழங்கால் பேந்த அன்னைக்கின்னு நான் சான்றுல எழுதவா?"

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. சான்று எனக்கில்லை, அவளுக்கும் இல்லை. அது போதும் எனக்கு.

அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "அக்கா எழுதி வச்சிருப்பாங்க டாக்டரம்மா. மருந்துக் குப்பிய ஒடைச்சா ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிச்சுறணும்ல? அவங்க கோழிக்குப் போட்டுட்டு, மிச்சத்த வேலிக்கு அங்கிட்டு நின்னு அவங்கதான் குடுப்பாங்க. எங்க வீட்டுத் தேதி எல்லாம் அக்கா நோட்டுல இருக்கும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இருந்தா கொண்டாங்கம்மா. குப்பி லேபிள் இருந்தா அதையும் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

லேபிளை நோட்டில் ஒட்டித்தான் வைத்திருந்தேன். உள்ளே போய் அரிசி டின்மேல் இருந்த நோட்டை எடுத்து வலப்பக்கத்தைப் பார்த்தேன். தேதி, மருந்து, கோழி எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்திலேயே மற்றதும் இருந்தது. ‘மருந்து வாங்கியது நான், ஐஸ் பெட்டி தூக்கியது நான். கோழி கொழுப்பது அவளுக்கு.’ ‘அவளுக்குப் பதினொன்று. சாமிக்குக் கண்ணில்லை.’ ‘இன்று அவள் கோழி ஒன்றைக் கீரி தூக்கிப்போனது. மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.’

நோட்டை எலி கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனசு வந்து நான் அதைச் சொல்லாமல் விடவில்லை. நோட்டு இல்லையென்றால் ஐந்து வருடம் ஒருநாள் பிசகாமல் எழுதியதும் இல்லையென்று ஆகிவிடும். அதற்கு என் வாய் வரவில்லை. அதற்குள் அவளே உள்ளே வந்து என் கையிலிருந்து நோட்டை வாங்கிவிட்டாள். ஒரு பக்கம் படித்தாள். புரட்டினாள். இன்னொரு பக்கமும் படித்தாள்.

"கீரி தூக்குன அன்னைக்கி நல்லாச் சாப்ட்டீங்களாக்கா?"

"ஆமா."

"என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு."

"ஆமா, எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சு." நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டாக்டரம்மா லேபிளைப் பார்த்துத் தேதிகளை எழுதிக்கொண்டார். அந்த வரிகளையும் படித்திருப்பார், உதடு ஒரு பக்கம் போனது. அடுத்த வாரம் கையெழுத்தும் முத்திரையுமாகச் சான்று வந்தது. ஓரகத்தி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். என் அடுப்படி ஜன்னலில் நின்றால் அவள் வாசல் வழியாக அது தெரிகிறது. ஜன்னலைச் சாத்தினால் புகை போவதில்லை.

"இனிமே ஒன் பக்கத்த எழுத மாட்டேன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நீங்க எழுதாட்டி அடுத்த தடவ டாக்டரம்மாவுக்கு நான் எந்த மொழங்காலக் காட்டுறது? எப்பிடி வேணா திட்டிக்கங்கக்கா. தேதி மட்டும் சரியா இருக்கட்டும்."

இன்று ஆனி மூன்றாவது செவ்வாய். செஞ்சேவல் கொழுத்துவிட்டது, படையலுக்கு இன்னும் ஐந்து வாரம். பொரிப்பகத்துக்காரர் அவள் வீட்டில் முப்பத்திரண்டு முட்டை எடுத்துப்போனார், அதில் இரண்டு இரட்டைக் கரு போலப் பெரியவை, பொரிக்காது என்று கழித்துவிட்டார். வலப்பக்கத்தில் அதை எழுதினேன். அந்த இரண்டுக்காக நான் சந்தோஷப்பட்டதையும் எழுதினேன். அவள் படிப்பாள் என்பதால் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தமாக வைத்தேன்.