காதுக்கு ஒரு மலை

என் அத்தை சந்திரகலா வெள்ளித் தகட்டில் தோடு வெட்டுகிறாள். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு காபிக்கடைக்குப் பின்னால் இருக்கிற அறைதான் அவளுடைய பட்டறை. ரம்பம் தலைமுடி கனம்தான் இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் பட்டென்று ஒடியும். ஒடிந்தால் குற்றம் அத்தையுடையது அல்ல. வாசலில் வந்து நின்றவன், தெருவில் ஹாரன் அடித்த ஆட்டோ, ஒருமுறை வங்கக்கடலில் உருவான புயல் என்று யார் தலையிலாவது கட்டிவிடுவாள்.

அதற்கு முன்னால் வேங்கிக்காலில் ஜாக்கெட் தைத்தாள். கலெக்டர் ஆபீஸ் அம்மாக்கள் பாதிப் பேர் அவள் தைத்த ஜாக்கெட்டில் மூச்சு விட முடியாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். தையல் அலுத்துப்போய், தோடு செய்கிற ஒருவரிடம் பாலிஷ் போடப் போனாள். அங்கே ரம்பத்தைப் பிடித்தவள் விடவில்லை.

வேலை மாறியது, பழக்கம் மாறவில்லை. தகட்டையும் துணி என்றுதான் நினைக்கிறாள். ஜாக்கெட்டின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே வெட்டில் விழுவதற்கு, துணியை நல்ல பக்கம் உள்ளே போக மடிப்பார்கள் இல்லையா? அதே மாதிரி, ஒரு முகத்தில் மட்டும் சுத்தியலால் புள்ளி தட்டிய இரண்டு தகடுகளை, புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டி, சேர்த்து அறுப்பாள். பிரித்தால் ஒரு மாங்காய்த் தோடு இடப்பக்கம் வளைந்திருக்கும், இன்னொன்று வலப்பக்கம். ஜோடி கச்சிதம்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் வெளியூர், வெளிநாடு. உள்ளூர்க்காரர் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. அதில் அத்தைக்கு ஒரு குறை.

"நம்ம ஊர்ப் பொண்ணு காதுல நான் வெட்டுனத ஒரு நாளாவது பாக்கணும்டா."

"என் காதுல மாட்டிப் பாரு" என்றேன். அரம் பறந்து வந்தது.

அப்படி இருக்கும்போது, கோயில் குருக்கள் வீட்டு சொர்ணாம்பாள் மாமி வந்தார். மகள் தேவசேனா பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாளாம். அவளுக்கு எங்கள் ஊர் மலை வடிவத்தில் தோடு வேண்டும். "எங்காத்து மாடியிலேர்ந்து எப்படித் தெரியறதோ, அப்படியே" என்று போட்டோவும் கொடுத்தார். அத்தை சோற்றை மறந்து வெட்டினாள்.

தேவசேனா கிளம்பும் நாள் காலை, மாமி வந்து நிற்கும்போதுதான் ஒட்டிய தகடுகளைப் பிரித்தாள். ஒரு தோட்டில் மலையின் தோள் வலப்பக்கம் இருந்தது. இன்னொன்றில் இடப்பக்கம். அதைத் திருப்பிப் போட்டால் வடிவம் சரியாகும். ஆனால் புள்ளி இல்லாத வெறும் முதுகுதான் தெரியும்.

"என்னம்மா இது, ஒரு மலை திரும்பிண்டிருக்கு?"

அத்தையின் முகம் செத்துப்போனது. புதிதாக வெட்டத் தகடும் இல்லை, நேரமும் இல்லை. நான் கிண்டலுக்கு வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.

"அது பின்பக்கம் மாமி" என்றாள் அத்தை, மெதுவாக. "ஜாக்கெட்ட முன்னாடி பாத்தா ஒரு கை இந்தப் பக்கம் இருக்கும். பின்னாடி போய்ப் பாத்தா அந்தப் பக்கம் வந்துடும். மலையும் அப்படித்தாங்க. ஒண்ணு உங்க மாடியில இருந்து. இன்னொண்ணு அந்தாண்ட, அடி அண்ணாமலையில இருந்து."

"கதை விடறியா?"

"அத்தைக்குக் கதை விடத் தெரியாது மாமி" என்றேன். "தெரிஞ்சா இவ்ளோ மோசமாவா விடும்?"

"அப்போ போய்ப் பார்த்துடலாம். ஆட்டோவைக் கூப்பிடு."

மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை முன்னால் இறங்கினோம். மாமி கையை நீட்டித் தோட்டை மலைக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"தோள் சரியா இருக்கு. ஆனா உன் மலைல ஒரு மூக்கு நீட்டிண்டிருக்கே. அங்க அதைக் காணோம்."

மாடியிலிருந்து பெரிதாகத் தெரிந்த அந்த மேடு, இங்கிருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. அத்தை பையிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் தோட்டை அழுத்திப் பிடித்து அறுக்க ஆரம்பித்தாள். பட்.

"டேய், நீ மூச்சு விட்டதுல ஒடிஞ்சிருச்சு."

வேறு பிளேடு மாட்டி அவள் முடிக்கிறவரைக்கும் நான் மூச்சே விடவில்லை. மூக்கு மண்ணில் விழுந்தது. மாமி மறுபடியும் ஒரு கண்ணை மூடினார். டீக்கடைக்காரர்கூட வெளியே வந்து ஒரு கண்ணை மூடினார்.

"ம். சரிதான்" என்றார் மாமி. "எது எந்தக் காதுக்கு?"

அத்தை அதை யோசித்திருக்கவில்லை. "வடக்க பாத்து நின்னா, வலது காதுல கிழக்க இருக்குற உங்க மாடி."

"தெற்கே பார்த்தா?"

"மாத்திப் போட்டுக்கச் சொல்லுங்க."

மாமி சிரித்துவிட்டார். தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினார்.

அன்று மாலை அத்தை பூ வாங்கப் போகிறேன் என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். அவள் பூ வாங்க அவ்வளவு தூரம் போகிறவள் அல்ல. நானும் பின்னாலேயே போனேன். பெங்களூர் பஸ் ஜன்னலில் தேவசேனா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கீழே நின்ற மாமிக்கு இரண்டு மலையையும் காட்டிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பி மறைகிறவரைக்கும் அத்தை அசையவில்லை.

"பூ எங்க அத்த?" என்றேன்.

"நல்லால்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.