சத்தமே வராத டியூஷன்

அந்த அக்காவுக்குக் கணக்கே வராதுன்னு முதல் வாரத்துலயே முடிவு பண்ணிட்டேன். பின்ன என்ன? திருத்தணியில எங்க வீடு தேடி வந்து, எனக்கு ஒருத்திக்கு மட்டும் டியூஷன் எடுக்கறா. ஒரு கணக்காவது போட்டுக் காட்டினாளா? இல்லவே இல்ல. யுத்த காலம், காகிதம் கிடைக்காது, எல்லாம் சிலேட்டுதான். அதுல கணக்கை எழுதி என் பக்கம் தள்ளிட்டு முழங்காலைக் கட்டிகினு உக்காந்துடுவா. மலைக்கோயில்ல சாயங்கால மணி அடிச்சதும் எழுந்து போயிடுவா. அவளே பள்ளிக்கூடம் முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துது.

எனக்கோ தலை போற விஷயம். ஏற்கெனவே ஒரு தடவை வகுத்தல்ல கோட்டை விட்டவ நான். இந்த வருஷமும் ஃபெயிலானா படிப்பை நிறுத்திட்டு, ராட்டையில நூல் சுத்த உக்கார வெச்சிடுவேன்னு நைனா சொல்லிட்டாரு. சொன்னா செய்யற மனுஷன்.

நைனாவுக்கும் சந்தேகம்தான். பக்கத்து அறையில தறி நெய்யறவரு. தறிச் சத்தம் நின்னா வேலை நின்னுபோச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான் அவருக்கு. வாய்ப்பாடு கத்தற சத்தம் கேக்காத டியூஷன் வெட்டிப் பொழுது. நெசவை நிறுத்திட்டுக் காதைக் குடுப்பாரு.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் தூங்கிகினு இருக்கீங்களா?"

"இல்ல நைனா, போட்டுகினுதான் இருக்கேன்."

ஒரு நாள் வேணும்னே தப்பா வகுத்து நீட்டினேன். "சரியா?"ன்னு கேட்டா. மறுநாள் ஒழுங்காப் போட்டேன். அதுக்கும் "சரியா?"தான். அதே குரல், அதே மூஞ்சி. திருடி, தெரியாததை எப்படி மறைக்கறா பாருன்னு எனக்குப் பத்திகினு வந்துது. அவளைக் கையும் களவுமாப் பிடிக்கணும்னா விடை எனக்கு நிச்சயமாத் தெரியணுமே. வந்த விடையைத் திருப்பிப் பெருக்கி, மீதியைக் கூட்டி, முதல்ல இருந்த எண் வருதான்னு பாத்துட்டுத்தான் சிலேட்டை நீட்ட ஆரம்பிச்சேன்.

"சரியா?"

"சரிதான்க்கா!"

"ஆங்"னு தலையாட்டிட்டு அடுத்த கணக்கை எழுதினா. அப்பவும் அவ மேல எனக்கு நம்பிக்கை வரல.

பரீட்சையில பாஸாயிட்டேன். நைனா நம்பல. "பக்கத்துல பாத்து எழுதினியா?"ன்னு தறியை விட்டு எழுந்தே வந்துட்டாரு. "பாவு நூல் அறுபத்துமூணு கஜம். ஒரு புடவை எட்டரை கஜம். எத்தனை வரும், சொல்லு."

சிலேட்டை எடுத்தேன். வீட்ல ஒரு சத்தம் இல்ல. "ஏழு. மூணரை கஜம் மீதி."

"சரியா?"ன்னாரு, கண்ணைச் சுருக்கிகினு.

திருப்பிப் பெருக்கிப் பாத்தேன். அவரு மூஞ்சியப் பாக்கணும்னே தோணல. "சரிதான் நைனா."

தறிக்குழியில காலை விட்டுகினே சொன்னாரு, "அந்தப் பொண்ணு இனிமே வராது."

சுர்ருனு ஏறிச்சு எனக்கு. "ஏன் நைனா நிறுத்தினீங்க? அது உங்களை இன்னா பண்ணுச்சு?"

"நான் எங்க நிறுத்தினேன்? பரீட்சைக்கு முந்தின நாளே அது வந்து சொல்லிட்டுப் போச்சு. உங்க பொண்ணு தானாப் போட்டுக்கும், நான் வேணாம்னு. கைகழுவிட்டுப் போகுதுன்னு நெனச்சேன்."

ஐயோன்னு ஆயிடுச்சு. எங்க வீட்டுக்குள்ள வந்தவங்கள்ல என்னை நம்பினவ அவ ஒருத்திதான். அவளைத்தான் நான் அத்தனை மாசமா திருடின்னு நெனச்சிகினு இருந்தேன்.