இரட்டைச் சுவருக்குள் போட்ட சாந்து

இரண்டு சுவருக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னால் எந்த மேசனுக்கும் கை கூசும். எனக்கும் கூசியது. மன்னார்த் தீவின் கரையில், நண்டு வியாபாரம் செய்யும் பெண்களின் சங்கத்துக்கு ஐஸ் அறை ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. கல்லுக் கட்டுகிறவளிடம் காற்றைக் கட்டச் சொன்னால் வேறென்ன வரும்?

நான் மேசன் வேலை பழகியது தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகுதான். உயிலங்குளத்தில் எங்கள் வீட்டைக் கட்ட வந்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போக, கோபத்தில் நானே சாந்தகப்பையைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைக்கவில்லை. முகாமில் வளர்ந்தவளுக்கு எதையும் எறிய மனம் வராது. மிஞ்சிய சோறு, மிஞ்சிய துணி, மிஞ்சிய சாந்து எல்லாம் எனக்கு ஒன்றுதான். பின்னேரம் கை கழுவ முன்னர், பலகையில் கிடக்கும் சாந்தை வழித்து, உடைந்த கல்லுத் துண்டுகளோடு சேர்த்து, அந்த இடைவெளிக்குள் போட்டுவிடுவேன். சுவருக்கும் பலம், சீமெந்தும் வீணாகவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல காரியத்தை ஊரைக் கூட்டியா சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சங்கத்தின் தலைவி என் தங்கச்சி. தீவிலே கலியாணம் முடித்தவள். காலையில் லொறியில் வரும் ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும், விற்காத நண்டைப் பெண்கள் திரும்பவும் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நடுவில் இடைவெளி விட்டு, அதைச் சரியான பொருளால் நிரப்பினால் ஐஸ் மூன்று நாள் நிற்கும் என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னவள் அவள்தான். பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்று நாள் நிற்காவிட்டால் கட்டடத்தை வலை வைக்கக் கொடுப்பது, அவளும் தலைமையை விட்டு விலகுவது என்று முடிவாகியது. அவள் அங்கே ஓம் என்று தலையாட்டிவிட்டு, என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து அழுதாள். கட்டும்போது சங்கத்துப் பெண்கள் முறை வைத்துக் கூலியில்லாமல் சிரமதானத்துக்கு வந்தார்கள். அவள் மட்டும் முறை பார்க்காமல் ஒவ்வொரு நாளும் வந்து எனக்குச் சாந்து குழைத்துத் தந்தாள்.

கூரையும் கதவும் முடிந்த பிறகு, சுவரின் நடுவை நிரப்பப் பழக்குவதற்கு நறுவிலிக்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். கட்டாரில் பல வருடம் குளிர் அறைகள் கட்டியவர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். தங்கச்சியோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர் பழக நின்றோம். முதல் இரண்டு நாளும் நிரப்புகிற மெசினைத் தொடவே விடவில்லை. சுவரைத் தட்டிப் பார், தடவிப் பார், ஈரம் இருக்கிறதா பார், வெடிப்பு இருக்கிறதா பார், கரண்ட் வயர் எந்த வழியால் போகிறது என்று சோக்கால் கீறு, பிறகு மெயினை நிறுத்து. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், ஏணிக்குக் கீழே ஓர் ஆள். இத்தனை சுவர் கட்டியவளுக்குச் சுவரைத் தடவப் பழக்குகிறாரே என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும். அடுத்த சுவரையும் தடவச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் எங்களை அதே கட்டடத்தின் அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே பெண்கள் காஸ் அடுப்பில் நண்டு அவிப்பார்கள். இரண்டு சுவரையும் துளைத்து வெளியே போகும் காற்றுத் துவாரம் ஒன்று மேலே இருந்தது. நிரப்ப முன்னர் அதற்குள் குழாய் ஒன்றை இறுக்கிவிட வேண்டும் என்றார். நான் ஏன் என்று கேட்டேன்.

“நெரப்புறது இதுக்குள்ள வந்து அடைச்சிட்டா அடுப்புல வர்ற கெட்ட காத்து வெளிய போகாதுக்கா. அதுக்கு வாசமும் கெடையாது, நெறமும் கெடையாது. நண்டு அவிக்க வந்தவங்க தூங்குற மாதிரியே செத்துப் போவாங்க.”

அந்த அடுப்படியில் நிற்பவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த பெண்கள். குழாயை நானே செருகி, சுற்றி அடைத்து, துவாரத்தின் கீழே ஊதுபத்தி ஒன்றைப் பிடித்தேன். நேராக எழும்பிய புகை வளைந்து, துவாரத்துக்குள் நுழைந்து, வெளியே போனது. இத்தனை வருடம் சுவர் என்றால் எதையாவது தடுத்து நிறுத்துவது என்றுதான் எண்ணியிருந்தேன். எதை விட வேண்டும் என்பதும் அதே அளவு வேலை என்று அன்றுதான் விளங்கியது. அதன் பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

அடுத்த நாள் துளை போட்டோம். கல்லில் அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து பூசிய கோட்டில், வெளிச் சுவரில் மட்டும். டிரில் திடீரென்று இலகுவானால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்சுவரையும் துளைத்துவிடும். முதல் துளைக்குள் அவர் வயர் போல நீண்ட ஒரு கமெராவை விட்டு, போனை என் கையில் தந்தார்.

அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. கமெராவின் வெளிச்சத்தில் இரண்டு சுவரின் உட்பக்கமும் தெரிந்தன. நான் கட்டிய கல் ஒவ்வொன்றும், நான் வைத்த ஒவ்வொரு இணைப்புக் கம்பியும், யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் வழிக்காமல் விட்ட சாந்தும் அங்கே அப்படியே இருந்தன. ஒரு சிலந்தி வலை கட்டி வைத்திருந்தது. வெளியே சோளகக் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருக்க, அந்த வலை ஒரு நூல்கூட அசையாமல் நின்றது. காற்று ஒருநாளும் சும்மா இருக்காத எங்கள் தீவில், நானே கட்டிய சுவருக்குள், காற்று அசையாமல் இருந்தது. நான் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தங்கச்சியும் எட்டிப் பார்த்தாள்.

அவர் கமெராவைக் கீழே இறக்கினார். இடைவெளி திடீரென்று முடிந்துபோனது. ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் குவிந்து இறுகிப்போன சாந்து, அதற்குள் உடைந்த கல்லுத் துண்டுகள். அடுத்த துளையிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

அவர் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். மாரி மழை வெளிச் சுவரை நனைத்தால் ஈரம் இதன் வழியே உள்ளே வரும், வெயிலும் இதன் வழியே உள்ளே வரும், இதன் மேல் நிரப்பினால் ஐஸ் ஒரு நாள்கூட நிற்காது என்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“இத யாரு போட்டது?”

தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். இரத்தம் வற்றியிருந்தது. நான் பேசாமல் இருந்தால் பழி எங்கேயாவது போயிருக்கும். சாந்து கட்டும்போது தவறி விழுவது வழமைதான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், மேலே நிரப்பியும் இருப்போம். அந்தச் சுவர் பொய் சொல்லிக்கொண்டு நின்றிருக்கும்.

“நான்தான் போட்டனான்,” என்றேன். “வெறுமையா நிண்டா விழுந்திடும் எண்டு நினைச்சனான்.”

அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. தானும் முதல் வேலையில் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். கீழ் வரிசையில் இடைவிட்டு ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, சாந்தைக் கிண்டி எடுத்து, அந்தக் கல்லைத் திரும்ப வைத்து இறுகிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சுவர் இடிந்து வந்துவிடும் என்றார். நான்கு நாள் சென்றது. தரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையைச் சுவருக்குள் விட்டு, நான் போட்டதை நானே எடுத்தேன். நான் எடுக்க எடுக்கத் தங்கச்சி வாளியில் அள்ளிக்கொண்டு போனாள். அந்த நான்கு நாளும் அவள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன், பிழை என்னுடையதுதானே.

நிரப்பிய நாள் எனக்கு மறக்காது. பொருள் வேறொன்றுமில்லை, பசை தெளித்த ரெஜிபோம் மணிகள், டிவிப் பெட்டிக்குள் உடையாமல் வைத்து வரும் அந்த வெள்ளைச் சாமான். ஒரு சிறங்கை அள்ளிப் பார்த்தேன், கையில் ஒன்றும் இல்லாத பாரம். அவ்வளவும் காற்றுத்தான், காற்றை ஓடவிடாமல் சின்னச் சின்ன வீடாகப் பிடித்து வைப்பதுதான் இந்த முழு வேலையும் என்றார் பழக்க வந்தவர். நான் வெறுமை என்று நினைத்து வெட்கப்பட்ட அதே காற்று. கீழ்த் துளையிலிருந்து தொடங்கினோம். மழை தகரத்தில் விழுவது போல் சுவருக்குள் சத்தம் கேட்டது, பக்கத்துத் துளையில் வெள்ளை மணிகள் எட்டிப் பார்த்தன, பிறகு மெசின் தானாக அடங்கியது. துளை துளையாக மேலே ஏறி எல்லாவற்றையும் அடைத்தோம். கடைசியில் அடுப்படித் துவாரத்தில் திரும்ப ஊதுபத்தி பிடித்தேன். புகை வளைந்து வெளியே போனது.

ஐஸ் கட்டிகளை அடுக்கிக் கதவைச் சாத்தினோம். மூன்றாம் நாள் மத்தியானம் சிரித்தவர்களும் சிரிக்காதவர்களும் வந்து நின்றார்கள். வெளிச் சுவரில் கை வைத்தேன், சுட்டது. தங்கச்சி கதவைத் திறந்து, உள்ளே போய், மூடியிருந்த சாக்கை இழுத்தாள். ஐஸ் கட்டி மூலை மழுங்கியிருந்தாலும் இன்னும் ஐஸாகவே இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து உள்சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், தொட்ட கையைக் கன்னத்தில் வைத்தார்கள். ஒரு சாண் தள்ளி வெயில் எரிகிறது, இங்கே குளிர்கிறது. கோவிலுக்குள் போனது போல யாரும் சத்தமாகப் பேசவில்லை.

எல்லோரும் வெளியே போன பிறகு நாங்கள் இருவரும் உள்ளே நின்றோம். அவள் ஐஸைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அக்கா, நீ பின்னேரத்தில அதுக்குள்ள போடுறதை நான் கண்டனான். உனக்கு மிஞ்ச வேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு கூடக் குழைச்சனான். அடியில கொஞ்சம் கிடந்தால் சுவருக்குப் பலம்தானே எண்டு நானும் நினைச்சனான்.”

சாந்து ஏன் எப்போதும் மிஞ்சியது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் யார் போட்டது என்று கேட்டபோது அவள் முகத்தில் இரத்தம் வற்றியது எதற்காக என்றும் அப்போதுதான் தெரிந்தது. வேறு நாளாயிருந்தால் ஊருக்குக் கேட்க ஏசியிருப்பேன். அன்றைக்கு அவளுடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஐஸ் உருகாமல் கதவை இறுக்கிச் சாத்தினேன்.