பவுனுக்காகத் தெருவில் போட்ட ஏலம்

கிருபாபாய்க்கு ஏலத்தில் வாய் சும்மா இருக்காது. ராஜபாளையத்தில் எங்கள் வேதக்கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த தேங்காய், பூசணி, கோழி எல்லாவற்றையும் உபதேசியார் ஏசுவடியான் வாசல்படியில் நின்று ஏலம் போடுவார். கையில் ஐந்து ரூபாய் இருக்காது, இவள் பதினைந்து என்று கத்துவாள். எதிரே கேட்கிறவர் ரோஷத்தில் இருபதுக்குப் போவார். உடனே இவள் நைசாக ஒதுங்கிவிடுவாள். இரண்டு ரூபாய் பூசணிக்காயை இருபது ரூபாய்க்குச் சுமந்து போனவர்கள் வீடு போய்ச் சேரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே போவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படி ஒரு பூசணியோடு வந்து நின்றவர்தான்.

என் பெயர் பரிபூரணம். நானும் அவளும் ஐயாதுரை முதலாளியின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஒரே மேசையில் நின்று துணி மடித்தோம். வீடும் அடுத்தடுத்த வீடு. அவளைக் கட்டினவன் போன இடம் தெரியாது, பிள்ளைகுட்டி இல்லை. எண்பத்தெட்டாம் வருஷம், நாய் வளர்க்கிற ஒரு வீட்டில் வெள்ளை வெளேரென்று பிறந்த குட்டிகளையெல்லாம் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, காதில் காப்பிக் கலரில் திட்டு விழுந்த ஒன்றை மட்டும் சும்மா கொடுத்தார்கள். அதை இவள் முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். பவுன் என்று பெயர் வைத்தாள். உனக்கே கஞ்சிக்குத் திண்டாட்டம், இதில் நாய் வேறயா என்று நான் சண்டைகூடப் போட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் கம்பெனி விட்டதும் அவள் நடக்கிற நடையே மாறிப்போயிற்று, வீட்டில் ஒன்று காத்திருக்கிறதல்லவா.

மாம்பழக் காலம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சனியன் முழு மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. ராத்திரி முழுக்க வாந்தி, வயிறு கல்லாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் ஒரு மாங்காய்க் கூடையில் துணி விரித்து அதைப் படுக்க வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனோம். அங்கே அரசாங்க வேலையிலிருந்து ரிட்டையரான மாட்டு டாக்டர் ஒருவர் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், கொட்டை குடலில் அடைத்திருக்கிறது, நாளைச் சாயங்காலத்துக்குள் வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு என்றார். தன் கைக்கு ஒன்றும் வேண்டாம், மயக்க ஊசி, குளுக்கோஸ், தையல் நூல், மருந்து எல்லாம் வாங்க முந்நூறு ரூபாய் ஆகும் என்றார். எங்கள் ஒரு மாதச் சம்பளம்கூட அவ்வளவு வராது. நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்தேன்.

சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கும்போது முதலாளியிடம் முன்பணம் கேட்டாள். நாய்க்கெல்லாம் முன்பணம் கொடுத்தால் பேண்டேஜ் கம்பெனியை மூடிவிட்டு நாய்ப் பண்ணைதான் வைக்கணும் என்று அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், என் சம்பளமும் அவர் கையில்தானே இருந்தது.

மறுநாள் கோயிலுக்கு அவள் ஒரு கையில் நாய்க் கூடையோடும், இன்னொரு கக்கத்தில் தன் கறுப்புப் பெட்டைக் கோழியோடும் வந்தாள். முட்டையிடுகிற கோழி, வேறு சொத்து அவளுக்குக் கிடையாது. ஆராதனை முடிந்து வழக்கமான ஏலம் ஓய்ந்ததும் உபதேசியாரிடம் போய், இதை என் நாய்க்காகப் போடுங்கள் என்றாள். மனுஷன் வெலவெலத்துப் போனார். அந்தப் படியில் விழுகிற காசெல்லாம் ஆண்டவருடையது, அதில் நாய்க்கு எப்படிப் பங்கு கொடுப்பது? சபை குருவான ஐயரிடமே ஓடிக் கேட்டார். காம்பவுண்டுக்குள் நடப்பதுதான் என் பொறுப்பு, தெருவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு ஐயர் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டார். தங்கமான மனுஷன்.

அவ்வளவுதான், சபை முழுவதும் திமுதிமுவென்று தெருவுக்கு வந்துவிட்டது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் வைகுண்டராஜ். அவர் எங்கள் கோயில் ஆள் இல்லை. ஆனால் வாராவாரம் டீ ஆற்றிக்கொண்டே எங்கள் ஏலத்தைப் பார்த்துப் பார்த்துக் கை துறுதுறுத்துக் கிடந்தவர். ஏலம் தன் கடை வாசலுக்கே வந்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். உபதேசியார் கோழியைத் தூக்கிப் பிடித்தார், அது போட்ட கூச்சலில் தெருக்கோடியில் இருந்தவர்களெல்லாம் வந்தார்கள்.

வைகுண்டராஜ் பத்து என்றார். ஆராதனைக்கு வந்திருந்த ஐயாதுரை முதலாளி, டீக்கடைக்காரன் கேட்கிறான் நாம் சும்மா இருப்பதா என்று இருபது என்றார். முப்பது. ஐம்பது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூறு என்றார். உபதேசியார் மூன்று தரம் சொல்லி, கோழி முதலாளிக்கு என்றார். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் போடலாம். முதலாளி நூறு ரூபாய்த் தாளை உபதேசியாரின் துண்டில் எறிந்து, “திரும்பப் போடும்வே” என்றார். கூட்டம் கைதட்டியது. நேற்றுச் சிரித்த மனுஷனா இவர் என்று நான் வாயைப் பிளந்தேன்.

இரண்டாவது சுற்றில் வைகுண்டராஜுக்கு வெறி பிடித்துவிட்டது. எடுத்த எடுப்பில் அறுபது. முதலாளி எண்பது. இவர் நூறு, அவர் நூற்றிருபது, இவர் நூற்று முப்பது. முதலாளி அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசித்தார். அந்தச் செத்த நேரத்தில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“நூத்தம்பது!”

கிருபாபாய்தான். தன் கோழியைத் தானே கேட்டுவிட்டாள். உபதேசியாரும் பழக்க தோஷத்தில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கடகடவென்று முடித்துவிட்டார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வைகுண்டராஜும் சிரித்தபடியே, கையில் எடுத்து வைத்திருந்த பணத்தை மடியில் செருகிக்கொண்டு கடைப் பக்கம் திரும்பினார். ஏலத்தில் ஒரு தடவை சூடு ஆறிவிட்டால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். கிருபாபாய் முகத்தில் ரத்தமே இல்லை. பாவி மகளே, நீயே கெடுத்துக்கொண்டாயே என்று எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கூடையில் பவுன் கண் சொருகிக் கிடந்தது.

“ஏட்டி, ஒன் கோழிய நீயே எடுத்திட்டியே, காசுக்கு எங்க போவ?” என்று முதலாளி கேட்டார்.

அவள் கூடையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஒங்க கிட்டதான மொதலாளி வேலைக்கு வாரேன். சம்பளத்துல பிடிச்சிக்கிடுங்க.”

நேற்று அவர் இல்லையென்ற அதே முன்பணம். அத்தனை பேர் கண்ணும் முதலாளி மேல் இருந்தது. அவர் காது சிவந்தது. அப்புறம் என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். பையிலிருந்து நூற்றைம்பதை எடுத்துத் துண்டில் வைத்து, சம்பளத்தில் எல்லாம் பிடிக்க மாட்டேன், நீ கோழியை வைத்துக்கொள் என்றார். இன்னும் ஐம்பது குறைந்தது. தான் மட்டும் சும்மா நின்றது வைகுண்டராஜுக்குப் பொறுக்குமா? கோழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மடியிலிருந்து ஐம்பதை எடுத்துப் போட்டார். நான் கிருபாபாயைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

முதலாளியின் துணி ஏற்றுகிற மெட்டடோர் வேன் வந்தது. நாயைக் கொண்டுபோக இரண்டு பேர் போதும். ஆனால் தான் கொடுத்த காசு என்ன ஆகிறதென்று பார்க்க முதலாளி ஏறினார். வைகுண்டராஜ் கடையைச் சாத்திவிட்டு ஏறினார். உபதேசியார் கோழியைக் கக்கத்தில் வைத்திருப்பதையே மறந்து ஏறினார். துணிக் கட்டுகள் மேல் உட்கார்ந்து, மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிப் போட, கூடையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

வழியிலேயே மருந்து வாங்கியாகிவிட்டது. டாக்டர் கூடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே நின்றோம். முதலாளியும் வைகுண்டராஜும் கோழியை எந்த விலையில் விட்டிருக்க வேண்டும் என்று தர்க்கம் பண்ணி, பாதியில் நிறுத்தி, கதவைப் பார்த்தார்கள். கிருபாபாய் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல் மரத்துவிட்டது. கர்த்தாவே, நான் அந்த நாயைத் திட்டினதெல்லாம் சும்மா திட்டினது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. கொட்டை வந்துவிட்டது, குட்டி பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். இப்போது மயக்கம் தெளிகிறது, பயந்து துள்ளினால் தையல் பிரிந்துவிடும், அதனால் பழகின ஆள் ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்.

“நாய் யாருது?”

“என்னுது,” என்றார் முதலாளி. “எனக்குந்தான்,” என்றார் வைகுண்டராஜ். உபதேசியார் கோழியோடு கையைத் தூக்கினார். வெட்கத்தைவிட்டு நானும் என்னுது என்று சொல்லிவிட்டேன்.

கிருபாபாய் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

“எங்க நாய்தான் டாக்டர். எல்லாரும் வாரோம்,” என்றாள்.

டாக்டர் வழிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரும் உள்ளே போனோம். கிருபாபாய் குனிந்து பவுனின் காதை மெதுவாகத் தடவினாள். அது கண்ணைத் திறக்காமலே வாலை ஒரு தடவை அசைத்தது. முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.